பதினாறாம் நாளுக்குப் பிறகு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல நாம வேலை, சம்பளம், ஊர் மாறுறது, ஹாஸ்டல் சாப்பாடு, இந்த மாதிரி விஷயங்களைத்தான் பேசுவோம். இன்னைக்குப் பேசப்போறது கொஞ்சம் கனமான விஷயம். இருபதுகள்ல இருக்கும்போது அப்பாவோ அம்மாவோ இறந்துபோனா, அதுக்கப்புறம் ஒரு ஆள் எப்படி நாளைக் கடத்துறது? இதுதான் இன்னைக்கு எபிசோட். சமீபத்துல இழப்பைச் சந்திச்சவங்க, இப்பக் கேட்க முடியலைன்னா நிறுத்திடுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல. எபிசோட் எங்கேயும் போகாது.

முதல்ல ஒரு அறிமுகம். நான் மனநல மருத்துவர் கிடையாது. பெங்களூர்ல பேக்எண்ட் கோட் எழுதுற ஆள். சொந்த ஊர் குன்னூர் பக்கம். மூணு வருஷத்துக்கு முன்னாடி என் அப்பா தவறிட்டார், ஹார்ட் அட்டாக். அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. இந்த மூணு வருஷத்துல நான் படிச்சது, கேட்டது, பார்த்தது இதையெல்லாம்தான் இன்னைக்குப் பகிர்ந்துக்கப்போறேன்.

இந்த வயசோட தனிச் சிக்கல்

பத்து வயசுல அப்பா போனா, ஊரே அந்தக் குழந்தையைத் தூக்கிக்கும். அம்பது வயசுல போனா, கூட இருக்கற நண்பர்கள்ல பாதிப்பேருக்கு அந்த அனுபவம் இருக்கும். இருபத்தஞ்சுல போனா ரெண்டும் இல்ல. உங்களைக் குழந்தையா யாரும் பார்க்க மாட்டாங்க. உங்க நண்பர்களுக்கோ என்ன பேசறதுன்னே தெரியாது. வாட்ஸாப்ல "ஸ்டே ஸ்ட்ராங் மச்சி"ன்னு ஒரு மெசேஜ் வரும். அவன் மேல தப்பு இல்ல, பாவம். அவனுக்கு இது தெரியாத மொழி.

இன்னொண்ணு. இந்த வயசுலதான் பெத்தவங்களோட உறவு மாற ஆரம்பிக்குது. முதல் சம்பளம் வாங்கி, அவங்களுக்கு ஏதாவது செய்யலாம்னு நினைக்கற நேரம். சண்டையெல்லாம் ஓஞ்சு, அப்பாவை ஒரு மனுஷனா பார்க்க ஆரம்பிக்கற நேரம். அந்த உறவு பாதியில நின்னுடுது. அதனால இழந்தது இருந்த அப்பாவை மட்டும் இல்ல. இனிமே கிடைச்சிருக்க வேண்டிய ஒரு அப்பாவையும் சேர்த்துத்தான்.

முதல் ரெண்டு வாரம்

நம்ம ஊர்ல சாவு வீட்டுல முதல் ரெண்டு வாரம் யோசிக்கவே நேரம் இருக்காது. ஆம்புலன்ஸ், ஃப்ரீசர் பாக்ஸ், சொந்தக்காரங்களுக்கு போன், மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏறி வர்றவங்களுக்கு டீ, சாப்பாடு, பந்தல், காரியம். யாரோ ஒருத்தர் கையில நோட்டைக் கொடுத்து "தம்பி, செலவை எழுது"ம்பாங்க. நீங்களும் எழுதுவீங்க. அழுகை வராது. "என்னடா, இவன் கல்லு மாதிரி நிக்கறான்"னு உங்களுக்கே தோணும்.

இதைப் பத்திப் படிச்சப்போ ஒரு விஷயம் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது. டேவிட் மண்டல்பாம்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர், 1937-ல இருந்து நம்ம நீலகிரியில கோத்தர் மக்களோட இருந்து ஆராய்ச்சி பண்ணினவர். சாவுச் சடங்குகள் மனுஷங்களுக்கு என்ன செய்யுதுன்னு 1959-ல ஒரு கட்டுரை எழுதினார். அதுல கோத்தர் ஊர்ல துக்க இசை ஆரம்பிச்சதும் இழப்புக்கு ஆளான பெண்கள் இருந்த இடத்துலயே உட்கார்ந்து, துணியால தலையை மூடிக்கிட்டு அழ ஆரம்பிப்பாங்கன்னு சொல்றார். அதே வீட்டு ஆண்கள் எவ்வளவு துக்கம் இருந்தாலும் எழுந்து போய் ஏற்பாடுகளைக் கவனிக்கணும்.

நம்ம வீடுகள்லயும் அப்படியே தானே? பெண்ணுக்கு அழ அனுமதி, ஆணுக்கு வேலை. ரெண்டுலயும் ஒரு நஷ்டம் இருக்கு. அழறவங்களை யாரும் பேங்க் விஷயத்துல கேக்க மாட்டாங்க. வேலை பார்க்கறவனை யாரும் "நீ எப்படி இருக்கே"ன்னு கேக்க மாட்டாங்க. அதனால முதல் வாரத்துல உங்களுக்கு அழுகை வரலைன்னா உங்க பாசம் குறைஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. உங்க கையில அப்ப ஒரு நோட்டும் பேனாவும் இருந்தது, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் பந்தலைப் பிரிச்சுடுவாங்க. பாத்திரம் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போயிடும். அத்தை, மாமா எல்லாரும் பஸ் ஏறிடுவாங்க. நமக்கும் ஆபீஸ் கூப்பிடும். தனியார் கம்பெனிகள்ல துக்க விடுப்புங்கறது கம்பெனி பாலிசி தான். பல இடத்துல மூணு நாள், அஞ்சு நாள். மீதியை நம்ம லீவ்ல கழிச்சுக்கணும். அப்புறம் லேப்டாப்பைத் திறந்தா இருநூறு மெயில். ஸ்டேண்ட்அப் மீட்டிங்ல "ஹவ் ஆர் யூ"ன்னா "ஆல் குட்".

நிஜமான துக்கம் பலருக்கு அங்கதான் ஆரம்பிக்குது. பந்தல் பிரிச்சதுக்கு அப்புறம்.

அஞ்சு படிகள் பத்தி ஒரு விளக்கம்

கூகுள் பண்ணினா முதல்ல வர்றது அஞ்சு படிகள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளுதல். எலிசபெத் கூப்ளர்-ராஸ்ங்கற மனநல மருத்துவர் 1969-ல எழுதின புத்தகத்துல இருந்து வந்தது இது. பலருக்குத் தெரியாத விஷயம் என்னன்னா, அந்தப் புத்தகம் சாகப்போற நோயாளிகளோட பேசி எழுதினது. தன் சாவை ஒருத்தர் எப்படி எதிர்கொள்றார்ங்கறதுதான் அதோட மையம். பின்னாடி அதை இழந்தவங்களுக்கும் பொருத்திட்டாங்க.

இதனால என்ன கெடுதல்னா, நம்மள மாதிரி ஆட்கள் இதை ஒரு பைப்லைனா நினைச்சுக்குவோம். முதல் ஸ்டேஜ் முடிஞ்சா ரெண்டாவது, கடைசியில டெப்ளாய். ஆறாவது மாசம் திடீர்னு கோபம் வந்தா, "நான் திரும்பப் பின்னாடி போயிட்டேனா?"ன்னு பயம். இல்ல. இதுக்கு அப்படி ஒரு வரிசையே கிடையாது.

எனக்கு உதவியா இருந்தது வேற ஒரு விளக்கம். மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்குட்னு நெதர்லாந்துல வேலை பார்த்த ரெண்டு ஆய்வாளர்கள் 1999-ல சொன்னது. அவங்க சொல்றபடி துக்கத்துல ரெண்டு வகையான வேலை இருக்கு. ஒண்ணு, இழப்போட இருக்கறது: அழறது, போட்டோ பார்க்கறது, நினைச்சு ஏங்கறது. இன்னொண்ணு, மாறிப்போன வாழ்க்கையைச் சரிபண்றது: இ.பி. பில் கட்டறது, அம்மாவுக்கு ஏ.டி.எம். கத்துக்கொடுக்கறது, புது வீடு தேடறது. மனுஷங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல போய்ப்போய் வருவாங்க. காலையில அழுதுட்டு மத்தியானம் சினிமா டிக்கெட் புக் பண்றது கல்நெஞ்சம் இல்ல. இப்படிப் போய்வர்றதுதான் ஆரோக்கியம். ஒரே பக்கத்துல மாட்டிக்கிட்டாத்தான் சிக்கல். எப்பவும் வேலைலயே ஓடி ஒளியறது ஒரு வகை. எழுந்திருக்கவே முடியாம கிடக்கறது இன்னொரு வகை.

நம்ம மலையில ரெண்டு சாவு

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வரேன். ஊட்டிக்கு டூர் வர்றவங்க தோடர் மந்து பார்த்து, சால்வை வாங்கி, போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஆனா இந்த மலையில துக்கத்தைப் பத்தி ஒரு பெரிய அறிவு இருக்கு.

கோத்தர், தோடர் ரெண்டு சமூகத்துலயும் ஒரு ஆளுக்கு ரெண்டு இறுதிச் சடங்கு செய்யற வழக்கம் இருந்திருக்கு. இறந்த கொஞ்ச நாள்லயே நடக்கறது முதல் சடங்கு, உடலை எரிக்கறது. மாசக்கணக்குல கழிச்சு நடக்கறது ரெண்டாவது. கோத்த மொழியில இதுக்குச் சொல்ற பேரை நம்ம தமிழ்ல வச்சுப் பார்த்தா பச்சைச் சாவு, வறண்ட சாவு. காயம் பச்சையா இருக்கும்போது ஒண்ணு, காஞ்சதுக்கு அப்புறம் ஒண்ணு. தோடர்களோட சடங்குகளை ரிவர்ஸ்ங்கற ஆங்கிலேய ஆய்வாளர் 1906-ல வந்த தன் புத்தகத்துல விரிவா எழுதியிருக்கார். கோத்தர்களுடையதை மண்டல்பாம் எழுதினார்.

கோத்தர்களோட வறண்ட சாவுல எனக்கு முக்கியமாப் பட்டது மூணு விஷயம்.

முதல் விஷயம், அது தனி ஒரு வீட்டோட சடங்கு இல்ல. முன்னால நடந்த வறண்ட சாவுக்கு அப்புறம் ஊர்ல யார் யார் இறந்தாங்களோ, எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணா நடக்கும். அதாவது இழந்தவங்க எல்லாரும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல அழறாங்க. "எனக்கு மட்டும்தான் இப்படி"ங்கற தனிமை அங்க உடைஞ்சுபோகுது.

ரெண்டாவது, அந்தச் சடங்கு ஆறிப்போன துக்கத்தை வேணும்னே திரும்பக் கிளறும். மாசக்கணக்குல ஆகியிருக்கும், எல்லாரும் தேறியிருப்பாங்க. அப்ப அந்த இசை கேட்டதும் திரும்ப முதல் நாள் மாதிரி அழுவாங்க. அது தப்பில்ல, அதுக்காகத்தான் அந்தச் சடங்கே. நம்ம ஊர்ல எட்டாவது மாசம் ஒருத்தர் அழுதா "இன்னுமா?"ன்னு கேப்பாங்க. கோத்தர் ஊர்ல அதுக்குன்னு நாள் ஒதுக்கியிருக்காங்க.

மூணாவது, அதுக்கு ஒரு முடிவு இருக்கு. பல நாள் நடக்கற சடங்கு கடைசியில ஆட்டம், பாட்டுன்னு முடியும். துணையை இழந்தவங்க மேல இருந்த துக்கக் கட்டுப்பாடுகள் விலகும். இனிமே நீங்க சிரிக்கலாம், வாழலாம்னு ஊரே சேர்ந்து சொல்லுது.

இது 1930-கள்ல பார்த்து எழுதினது. இன்னைக்கும் அப்படியே நடக்குதுன்னு நான் சொல்ல வரல. அதைப் பார்த்து நாம காப்பி அடிக்கணும்னும் சொல்லல, அது அவங்களுடையது. ஆனா அதுல இருக்கற கணக்கு எல்லாருக்கும் பொருந்தும். துக்கத்துக்கு ஒரு தடவை போதாது. நம்மகிட்டயும் அதுக்கான இடங்கள் இருக்கு: முதல் வருஷத் திவசம், ஆடி அமாவாசை, தை அமாவாசை. குன்னூர்ல, கோத்தகிரியில கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி, பூ எடுத்துட்டு மொத்தமாப் போவாங்க. சாமி நம்பிக்கை இல்லாதவங்க அந்த நாளுக்கு அப்பாவுக்குப் பிடிச்சதைச் சமைச்சு நாலு பேருக்குப் போடலாம். முக்கியம் என்னன்னா, லீவ் போடுங்க. காலண்டர்ல பிளாக் பண்ணுங்க. அந்த நாள்ல மீட்டிங் வேண்டாம்.

அப்பா நல்லவரா இல்லாதபோது

இது யாரும் பேசாத பகுதி. எல்லாருக்கும் அப்பா ஹீரோ கிடையாது. குடிச்சே குடும்பத்தை அழிச்ச அப்பா உண்டு. அடிச்ச அம்மா உண்டு. ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா இருந்து, பார்த்துக்கிட்டவங்களைச் சக்கையாப் பிழிஞ்ச நோய் உண்டு. அவங்க போனதும் முதல்ல வர்ற உணர்வு ஒரு நிம்மதி. அடுத்த நிமிஷமே "ச்சீ, நான் என்ன மனுஷன்"ங்கற குற்றவுணர்ச்சி.

இதுக்கும் நம்ம மலையில ஒரு பதில் இருக்கு. படகர் சாவுச் சடங்குல ஒரு பெரியவர் எழுந்து நின்னு, இறந்தவர் செஞ்சிருக்கக்கூடிய பாவங்களை வரிசையாச் சொல்வார். பாம்பைக் கொன்னது, எல்லைக்கல்லை நகர்த்தினது, இப்படி நீளமான பட்டியல். கூட்டம் ஒவ்வொண்ணுக்கும் சேர்ந்து குரல் கொடுக்கும். கடைசியில அந்தப் பாவமெல்லாம் அவரை விட்டுப் போகட்டும்னு முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே இதைக் கேட்டுப் பதிவு பண்ணியிருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. சாவு வீட்டுல நாம சாதாரணமா என்ன சொல்லுவோம்? "தங்கமான மனுஷன்." அந்த வீட்டுப் பையனுக்குத் தெரியும், தங்கம் இல்லன்னு. ஆனா வாயைத் திறக்க முடியாது. படகர் சடங்குல அவர் தப்பு பண்ணின மனுஷன்தான்னு ஊருக்கு முன்னாடி சத்தமாச் சொல்லி, அதுக்கப்புறம் வழியனுப்பறாங்க. போனவரைப் புனிதராக்கித்தான் அழணும்னு கட்டாயம் இல்ல. கோபம், பாசம், நிம்மதி மூணும் ஒரே மனசுல ஒரே நேரத்துல இருக்கலாம். அதைச் சொல்றதுக்கு ஒரு ஆளைத் தேடிக்குங்க. அக்கா, தம்பி, நண்பன், கவுன்சிலர், யாராவது ஒருத்தர். அதுவும் இல்லைன்னா ஒரு நோட்டு. யாரும் படிக்க வேண்டாம், எழுதிட்டுக் கிழிச்சுப்போடுங்க.

ஆளும் போய், வீடும் போனா

எங்க மலையில சாவோட சேர்ந்து வர்ற இன்னொரு விஷயம் வீடு. தேயிலைத் தோட்டத்துல வேலை இருந்தாத்தான் லைன் வீடு. வேலை பார்த்தவர் போயிட்டா, குடும்பத்துல வேற யாரும் தோட்டத்துல வேலை பார்க்கலைன்னா, வீட்டைக் காலி பண்ணணும்.

இதுல நிறையப் பேருக்கு ஒரு பின்கதை உண்டு. 1964-ல சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கை மலையகத்துல இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கறதா முடிவாச்சு. அப்படிக் கப்பல் ஏறி வந்தவங்கள்ல பெரிய கூட்டம் நீலகிரிக்கு வந்தது. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டங்கள் வந்தது, அதுதான் பின்னாடி டேன்டீ ஆச்சு. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் எங்கேயும் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். எங்க தாத்தாவும் ஹட்டன் பக்கத்துல இருந்து வந்தவர்தான். எங்களுக்கு "சொந்த ஊருக்குப் போயிடலாம்"னு சொல்ல ஒரு ஊர் கிடையாது. அந்த லைன் வீடுதான் ஊர்.

அப்பா ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில மெக்கானிக்கா இருந்தார். அவர் போன அஞ்சாவது மாசம் நாங்க வீட்டைக் காலி பண்ணினோம். அம்மா இப்போ என் தங்கச்சியோட கோயம்புத்தூர்ல இருக்காங்க. காரமடை தாண்டி வெயில் பட்டாலே "மூச்சு முட்டுது தம்பி"ம்பாங்க. அம்மாவுக்கு அப்பாவும் போயிட்டார், குளிரும் போயிடுச்சு, பக்கத்து வீட்டு அக்காங்களும் போயிட்டாங்க. வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு அது ஒரு வீடு மாத்தறது. உள்ள அது ரெண்டாவது சாவு. உங்க வீட்டுலயும் அப்படி நடந்திருந்தா, அம்மா ஏன் இன்னும் தேறலைன்னு எரிச்சல் படறதுக்கு முன்னாடி, அவங்க எத்தனை விஷயத்தை இழந்திருக்காங்கன்னு ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பாருங்க.

காகித வேலை: இதுவும் துக்கத்தோட பகுதிதான்

இதைச் சுருக்கமாச் சொல்றேன், ஏன்னா தெரியாததால நிறையப் பேர் பணத்தை விட்டுடறாங்க.

இறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணுங்க, அதுக்குள்ளன்னா தாமதக் கட்டணம் கிடையாது. இறப்புச் சான்றிதழ்ல பேரும் ஆதார்ல இருக்கற பேரும் ஒத்துப்போகுதான்னு எழுத்து எழுத்தாப் பாருங்க. இனிஷியல் மாறினாக்கூட பின்னாடி அலையணும். அதுக்கப்புறம் இ-சேவை மையத்துல வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரும்.

வேலையில இருக்கும்போதே இறந்தவங்களுக்கு மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, பி.எஃப். பணம். அதோட கூடவே இ.டி.எல்.ஐ.ன்னு ஒரு காப்பீடு இருக்கு, உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். பலருக்கு இது இருக்கறதே தெரியாது. ரெண்டு, குடும்ப ஓய்வூதியம். துணைக்குக் கிடைக்கும், 25 வயசு வரைக்கும் ரெண்டு பிள்ளைகளுக்கும் தனியாக் கிடைக்கும். மூணு, பணிக்கொடை. வழக்கமா அஞ்சு வருஷம் வேலை பார்த்திருக்கணும்பாங்க. ஆனா இறந்துட்டா அந்த அஞ்சு வருஷக் கணக்கு கிடையாது. "அவர் நாலு வருஷம்தானேப்பா ஆச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

அப்பாவோட ஏ.டி.எம். கார்டு, யு.பி.ஐ. பின் தெரியும்ங்கறதுக்காக அவர் கணக்குல இருந்து பணம் எடுக்காதீங்க. பேங்க்ல சொல்லி முறையா வாங்குங்க. அதே நேரம் அவர் சிம்மை உடனே விட்டுடாதீங்க. பாதி ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும்.

இதுல ஒரு டிப்: ஒரு வாரத்துக்கு ஒரு ஆபீஸ்தான். ஒவ்வொரு கவுன்டர்லயும் "இறந்தவர் பேர்?"னு கேப்பாங்க, ஒவ்வொரு தடவையும் சொல்லணும். அது சின்ன விஷயம் இல்ல. யாரையாவது கூடக் கூட்டிட்டுப் போங்க.

அவசர முடிவுகள்

நம்ம ஊர்ல ஒரு வழக்கம் உண்டு: சாவு விழுந்த வீட்டுல வருஷம் திரும்பறதுக்குள்ள ஒரு நல்ல காரியம் பண்ணிடணும். பெரும்பாலும் அந்த நல்ல காரியம்னா வீட்டுப் பொண்ணோட கல்யாணம். "அப்பா ஆத்மா சாந்தியடையும்"னு சொல்லி, இன்னும் தூங்கவே முடியாம இருக்கற ஒரு இருபத்திநாலு வயசுப் பொண்ணை மேடையில உட்கார வெச்சுடுவாங்க. பையனுக்கு வேற மாதிரி: "இனி நீதான் தம்பி எல்லாம்." அந்த ஒரு வரியில படிப்பு, ஆசை, காதல் எல்லாம் ஓரமாப் போயிடும்.

பெரியவங்க பயத்துலதான் சொல்றாங்க, அது புரியுது. ஆனா முதல் வருஷம் மூளை தெளிவா வேலை செய்யாது. தூக்கம் கெடும், மறதி வரும், ஒரு பக்கம் கோடைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த நிலையில எடுக்கற பெரிய முடிவுகளைத் தள்ளிப்போட முடியும்னா தள்ளிப்போடுங்க: கல்யாணம், நிலம் விக்கறது, வேலையை விடறது, இன்ஷூரன்ஸ் பணத்தை யாரோ சொல்ற திட்டத்துல போடறது. "வருஷம் முடியட்டும் மாமா, அப்புறம் பேசுவோம்." இந்த ஒரு வாக்கியத்தைப் பழகி வெச்சுக்குங்க. அதுல மரியாதையும் இருக்கு, மறுப்பும் இருக்கு.

அவங்களை வெச்சுக்கறது

பழைய மனோதத்துவம் இறந்தவங்களை விட்டு விலகணும்னு சொல்லிச்சு. 1996-ல கிளாஸ், சில்வர்மன், நிக்மன்னு மூணு பேர் சேர்ந்து கொண்டுவந்த ஒரு புத்தகம் அதை மாத்திச்சு. உறவு முடியறதில்ல, வேற வடிவத்துல தொடரும்னு அவங்க சொன்னாங்க. காக்காவுக்குச் சோறு வைக்கற நம்ம பாட்டிகளுக்கு இது புது விஷயம் இல்ல.

நம்ம தலைமுறைக்கு அது பாதி போன்ல இருக்கு. அதனால ஒரு டெக்னிக்கல் விஷயம். ரீசார்ஜ் இல்லாம, பயன்பாடு இல்லாம 90 நாள் போனா நம்பரை கம்பெனி எடுத்துக்கலாம், பின்னாடி வேற யாருக்காவது போயிடும். வாட்ஸாப் கணக்கு 120 நாள் பயன்படுத்தாம இருந்தா அழிஞ்சுபோகும். அதனால இந்த வாரமே உங்க பக்கத்து சாட்ல இருக்கற வாய்ஸ் நோட், வீடியோ எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க. இப்பக் கேட்க முடியாது, பரவாயில்ல. எப்பக் கேட்கணும்னு தோணுதோ அப்ப இருக்கணும்.

என்கிட்ட அப்பாவோட குரல்ல முப்பத்தோரு வாய்ஸ் நோட் இருக்கு. பாதி, கேஸ் புக் பண்ணிட்டியா, மழை பெய்யுது, பர்லியாறுல மண் சரிஞ்சிருக்கு, இந்த வாரம் வராதேன்னு. அதுல ஒண்ணுலகூடப் பெரிய தத்துவம் எதுவும் இல்ல. அதனாலதான் எனக்கு அது பிடிக்கும். அவருடைய சட்டையெல்லாம் கொடுத்துட்டோம், ஸ்வெட்டரை மட்டும் அம்மா கொடுக்கலை. கோயம்புத்தூர் வெயில்ல ஸ்வெட்டர் எதுக்குன்னு யாரும் கேக்கறதில்ல.

எப்ப உதவி கேக்கணும்

துக்கம் நோய் இல்ல. பெரும்பாலானவங்களுக்கு மருந்து தேவைப்படாது, ஆள் துணை போதும். ஆனா சிலருக்கு அது கெட்டிப்பட்டுப் போகும். ஒரு வருஷம் தாண்டியும் தினமும் முதல் நாள் மாதிரியே ஏக்கம், நம்ப முடியாத நிலை, வாழ்றதுல அர்த்தமே இல்லங்கற உணர்வு, வேலையும் உறவுகளும் முடங்கிப்போறது, இதெல்லாம் சேர்ந்து இருந்தா அதை நீடித்த துக்கக் கோளாறுன்னு சொல்றாங்க. அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல 2022-ல இதைச் சேர்த்தாங்க. அதுக்குத் தனியாச் சிகிச்சை இருக்கு.

அதுவரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல. தினமும் குடிச்சாத்தான் தூக்கம் வருது, சாப்பாடு இறங்கலை, "நானும் போயிடலாம்"னு நினைப்பு வருதுன்னா இன்னைக்கே பேசுங்க. 14416, டெலி மானஸ். மத்திய அரசோட இலவச எண், 24 மணி நேரமும் இருக்கும், தமிழ்ல பேசலாம். சென்னையில 1986-ல இருந்து தற்கொலைத் தடுப்புக்காக இயங்கற சிநேகாவோட எண் 044-24640050. எஸ்டேட் பக்கம் இருக்கறவங்க ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். "பைத்தியத்துக்குப் பார்க்கற டாக்டர்"னு யாராவது சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.

கேட்டுக்கிட்டிருக்கற நண்பர்களுக்கு

கடைசியா, இழப்பைச் சந்திக்காத நண்பர்களுக்கு. "ஏதாவது வேணும்னா சொல்லு"ன்னு சொல்லாதீங்க, அவன் சொல்ல மாட்டான். "சனிக்கிழமை வரேன், தாலுகா ஆபீஸ் போலாம்"னு சொல்லுங்க. "விதி", "கொடுத்து வெச்சது அவ்வளவுதான்", இதெல்லாம் வேண்டாம். என்ன பேசறதுன்னு தெரியலைன்னா "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலடா"ன்னே சொல்லுங்க, அது போதும். அவங்க அப்பா பேரை எடுத்துப் பேசுங்க. நினைவுபடுத்திடுவோமோன்னு பயப்படாதீங்க, அவன் மறந்தால்தானே நினைவுபடுத்த.

முக்கியமா, சாவுக்குப் போக முடியலையா? பரவாயில்ல. அன்னைக்கு அங்க நூறு பேர் இருந்தாங்க. நாற்பதாவது நாள் போன் பண்ணுங்க. முதல் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ போய் நில்லுங்க. அப்ப அங்க யாரும் இருக்க மாட்டாங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க அனுபவத்தை எழுதி அனுப்பணும்னு தோணினா அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம்னா சொல்ல மாட்டேன், படிச்சிட்டுப் பதில் போடுவேன். அடுத்த எபிசோட்ல பழையபடி சம்பளம், அப்ரைசல் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் உடம்பைப் பார்த்துக்குங்க. அப்பா அம்மா இருக்கறவங்க, இதை முடிச்சதும் ஒரு போன் போடுங்க. விசேஷமா ஒண்ணும் பேச வேண்டாம், மழை பெய்யுதான்னு கேளுங்க.